பெண்டோனைட்டால் ஈயத்தை எடுப்பது

நீரில் கலந்த ஈயத்தைப் பிடிக்க, முதலில் பெண்டோனைட் என்ற களிமண்ணில் சோடியம் ஏற்றுங்கள். 10 கிராம் சலித்த பெண்டோனைட்டை 1 மோலார் சோடியம் குளோரைடு கரைசல் 200 மில்லியில் 24 மணி நேரம் கலக்குங்கள். கழுவிய நீரில் சில்வர் நைட்ரேட் விட்டு, வெண்மை தட்டாமல் போகும் வரை அலசி, 105 டிகிரியில் உலர்த்துங்கள்.

இந்த மண்ணைப் போடும் ஈய நீரின் பி.எச். 5 அளவில் இருக்கட்டும். 3-க்குக் கீழே ஈயத்தின் இடத்தை ஹைட்ரஜன் அயனி பிடித்துக்கொள்ளும். 7-ஐத் தாண்டினால் ஈயம் ஹைட்ராக்சைடாகத் தானே படியும். அதையும் களிமண்ணின் கணக்கில் எழுதுவது பெரிய தவறு. ஒப்பிட்டுப் பார்க்க, மண் போடாத ஈயக் கரைசல் ஒன்று பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

உண்மையான தொல்லை, படியாமல் மிதக்கும் நுண்துகள். மீந்த ஈயத்தை அளக்க நீரில் அமிலம் விட்டதும் அதிலிருந்து ஈயம் கழன்று அளவைக் கூட்டிவிடும். மையவிலக்கியில் சுற்றி, 0.45 மைக்ரான் வடிதாளில் வடித்த பிறகே அமிலம் சேருங்கள்.

ராணிப்பேட்டை நிலத்தடி நீரின் ஆறு இணைதிறக் குரோமியத்துக்கு இது உதவாது. குரோமேட்டும் எதிர்மின், களிமண்ணும் எதிர்மின். எச்.டி.டி.எம்.ஏ. போன்ற நேர்மின் பரப்புப்பொருளை, மண்ணின் அயனிப் பரிமாற்றத் திறனுக்கும் கூடுதலாக ஏற்றினால்தான் பிடிக்கும்.