அறுபது சொல்லில் ஓர் அறிமுகம்

எழுத்தாளர்கள் கூடும் இடத்துக்குப் புதிதாக வருகிறவரிடம் முதலில் கேட்பது கதையையோ கவிதையையோ அல்ல, அவரைப் பற்றி நாலு வரி. பலர் வழுக்குவது அங்கேதான். "சிறுவயது முதலே தமிழ்மீது தீராக் காதல். ஏதோ கிறுக்குவேன், பெரியவர்கள் பொறுத்தருள வேண்டும்." படித்தவருக்கு என்ன தெரிந்தது? ஒன்றுமில்லை. அங்கே இருக்கிற எல்லோருக்கும் தமிழ்மீது காதல்தான்.

கூச்சத்துக்குக் காரணம் உண்டு. தன்னைத் தானே புகழ்வது தகாது என்று நன்னூலே சொல்கிறது. ஆனால் அடுத்த சூத்திரத்திலேயே அதன் ஆசிரியர் பவணந்தியார் நான்கு இடங்களில் விலக்குத் தருகிறார்: அரசனின் அவைக்கு ஓலை எழுதும்போது, தன் ஆற்றலை அறியாதவர்களிடையே, அவையில் வாதத்தை வெல்ல வேண்டியபோது, எதிராளி தன்னைப் பழிக்கும்போது. புதியவர் நிற்பது இரண்டாவது இடத்தில். தாராளமாகச் சொல்லலாம்.

எதைச் சொல்வது என்பதற்கும் அங்கேயே வழி இருக்கிறது. ஒரு நூலை அறிமுகப்படுத்தும் முன்னுரையான சிறப்புப்பாயிரத்தில் வரவேண்டியவை எட்டு: ஆசிரியர் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன். நூல் இருந்த இடத்தில் ஆளை வைத்துப் பாருங்கள். வழி என்பது யாரைப் படித்து வளர்ந்தீர்கள் என்பது. எல்லை, உங்கள் ஊர். யாப்பு, நீங்கள் எழுதும் வடிவம். நுதலிய பொருள், எதைப் பற்றி எழுதுகிறீர்கள் என்பது. பயன், இங்கே உங்களுக்கு என்ன வேண்டும் என்பது. (உரையாசிரியர்கள் மன்னிக்கட்டும்.) எட்டும் வேண்டாம், நாலைந்து போதும். எடுத்துக்காட்டாக:

"ஊர் கம்பம். இப்போது கோவையில் ஒரு நூற்பாலையில் கணக்கர். ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்களைப் பற்றி ஐந்து சிறுகதைகள் எழுதியிருக்கிறேன். மூன்று முடிந்தவை, எதுவும் அச்சாகவில்லை. உரையாடலைக் கம்பம் பேச்சிலேயே எழுதுகிறேன். வெளியூர்க்காரர்களுக்கு அது தடுக்கிறதா என்று தெரிய வேண்டும்."

முப்பது சொல்கூட இல்லை. ஆனால் படிக்கிறவர் பதில் சொல்ல மூன்று இடம் கிடைக்கிறது: ஊர், தோட்டம், வட்டார வழக்கு. கடைசி வரிதான் முக்கியம். "கருத்துகளை வரவேற்கிறேன்" என்றால் "அருமை" என்றுதான் வரும். குறிப்பாகக் கேட்டால்தான் குறிப்பாகப் பதில் வரும்.

அறுபது சொல்லைத் தாண்டும்போது சேர்வது பெரும்பாலும் பரிசுப் பட்டியல். பரிசு இருந்தால் பெயரும் ஆண்டும் போடுங்கள். "பல விருதுகள்" என்பது ஒரு விருதும் இல்லை என்றே படிக்கப்படும். "நாவல் விரைவில் வெளிவரும்" என்ற வரியையும் எழுதாதீர்கள். இரண்டு வருடம் கழித்தும் அது அங்கேயே நிற்கும்.

பெயரை முதல் நாளே முடிவு செய்துவிட வேண்டும். எஸ். ரங்கராஜன் தன் மனைவியின் பெயரில் சுஜாதா ஆனதற்குக் காரணம், ரா. கி. ரங்கராஜன் ஏற்கெனவே எழுதிக்கொண்டிருந்ததுதான். நினைத்த புனைபெயரை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடிப் பாருங்கள். புத்தகக் கடைப் பட்டியலிலும் பாருங்கள். தலைப்பெழுத்து 'செ.' என்றால் எப்போதும் 'செ.' தான். ஓரிடத்தில் 'செ.', இன்னோரிடத்தில் 'எஸ்.' என்று போட்டால் நூலகப் பட்டியலில் நீங்கள் இரண்டு ஆள்.

சக எழுத்தாளர்களிடம் சொல்லும்போது 'நான்' என்றே எழுதலாம். படைப்புக்குக் கீழே அச்சாகும் குறிப்பு என்றால் படர்க்கை: "கோவையில் வசிக்கிறார்." பழைய குறிப்பை வெட்டி ஒட்டும்போது இரண்டும் கலந்து, "நான் சிறுகதைகள் எழுதி வருகிறார்" என்று வந்துவிடுகிறது. அனுப்பும் முன் வினைமுற்றுகளை மட்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

தட்டச்சு யூனிகோடில் இருக்கட்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தால், அது இல்லாத கணினியில் உங்கள் பெயரே புரியாத ஆங்கில எழுத்துகளாகத் தெரியும்.

அறிமுகத்தோடு ஒரு படைப்பு இணைப்பதாக இருந்தால் முடிந்த ஒன்று மட்டும், 800 சொல்லுக்குள். நாவலின் முதல் மூன்று அத்தியாயங்களைப் புதியவருக்காக யாரும் திறப்பதில்லை. வேறு இரண்டு பேர் எழுதியதைப் படித்துக் கருத்துச் சொன்ன பிறகு அனுப்பினால் இன்னும் நல்லது. அதற்குள் உங்கள் பெயர் அங்கே பழகியிருக்கும்.