கிருஷ்ணாபுரத்தில் துருவ ஒளி தேடிப் போன கதை

2024 மே 11, சனிக்கிழமை. லடாக்கின் ஹான்லேயில் அதிகாலை துருவ ஒளியால் (அரோரா) வானம் சிவந்த படம் மாமாவின் கைப்பேசிக்கும் வந்துவிட்டது. "லடாக்குல தெரியுதுன்னா நமக்குக் கொஞ்சமாச்சும் தெரியாதாலே?"

தெரியாது, மாமா. சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. அக்கினி நட்சத்திரப் புழுக்கத்தில் வீட்டில் கிடப்பதற்கு இது தேவலை என்று, பாளையங்கோட்டையிலிருந்து திருச்செந்தூர் சாலையில் வண்டியை விட்டோம். கிருஷ்ணாபுரம் தாண்டி இருட்டான ஒரு வயல் வரப்பு.

சூரியப் புயலின் மின்துகள்கள் பூமியின் காந்தக் கோடுகளைப் பிடித்துக்கொண்டுதான் கீழே இறங்கும்; காற்றிலுள்ள ஆக்சிஜன் போன்றவற்றில் மோதும்போது எழுவதுதான் துருவ ஒளி. துருவப் பக்கம் அந்தக் கோடுகள் கிட்டத்தட்டச் செங்குத்தாக நிற்கின்றன. நம்மூரில் பாய் விரித்த மாதிரி படுத்துக் கிடக்கின்றன. பூமியின் காந்தம் எவ்வளவு கலங்குகிறது என்று சொல்லும் அளவு கேபி எண். நார்வேயின் டிரோம்சோவில் அது 2 இருந்தாலே ஒளி ஆடும். இந்தப் புயலில் அது 9, அளவுகோலே அதோடு முடிந்தது. அப்படியும் ஹான்லேக்குக் கிடைத்தது சிவப்பு மட்டும்தான். ஆக்சிஜனின் பச்சை நூறு கிலோமீட்டர் சொச்சத்தில் தோன்றும், அதன் சிவப்பு இருநூறுக்கும் மேலே. தூரத்தில் நிற்பவனுக்கு உயரத்தில் இருப்பதுதானே தெரியும்?

"வருதுன்னு முன்னாடியே எப்படிச் சொல்லுதான்?"

சூரியன் பக்கமாகப் பதினைந்து லட்சம் கிலோமீட்டருக்கு அப்பால் காவல் நிற்கும் செயற்கைக்கோள்களைச் சொன்னேன். நம் ஆதித்யா-எல்1-உம் அங்கேதான். சூரியனிலிருந்து வரும் துகள் காற்றின் காந்தம் தெற்கே திரும்பியிருந்தால் புயல் வலுக்கும், வடக்கே என்றால் பெரும்பாலும் புஸ். ஆனால் அது அங்கே வந்து சேர்ந்த பிறகுதான் தெரியும். அப்புறம் மிஞ்சுவது அரை மணி, ஒரு மணி நேரம். அதற்கு முன் சொல்வதெல்லாம் உத்தேசம்.

"மேற்க மலையில மின்னுனா ஆத்துல தண்ணி வரும்னு சொல்லுத மாதிரி."

சரிதான்.

மாமாவுக்கு ஆச்சரியமாக இருந்தது இன்னொன்று. அதே ஆக்சிஜன் சிவப்பு எங்கள் தலைக்கு மேலும் இரவில் இருக்கிறது. காரணம்தான் வேறு: பகல் வெயில் மேல்வானக் காற்றில் பிரித்துப்போட்ட மின்துகள்கள் இருட்டில் மறுபடி சேரும்போது மினுங்குகின்றன. கண்ணுக்கு எட்டாத மங்கல். கிருஷ்ணாபுரத்தில் இருக்கும் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் அதைக் கேமரா வைத்துப் படம் பிடித்திருக்கிறது.

மாமா அண்ணாந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு வடமேற்கே தெரிந்த மஞ்சள் வெளிச்சத்தைப் படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டார். அத்தையின் பதில் உடனே வந்தது: "பாளையங்கோட்டை லைட்டப் பாக்கவா அம்புட்டுத் தூரம் போனிய?"