ஐந்துக்கு நாலு

நேற்று சாயங்காலம் சிங்கப்பூர் தேக்கா காப்பிக்கடை. எதிரே முன்பு என்னோடு ஒரே கிளினிக்கில் இருந்த தாதி. அவள் தே தாரிக்கைத் தொடவே இல்லை, மேலே ஆடை படிந்துவிட்டது. பையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்து வைத்தாள்.

ஒன்று, ஜனவரியில் கொடுத்த வேலை மதிப்பீடு. ஐந்துக்கு நாலு. கீழே மேலாளரின் கையெழுத்தில், “நோயாளிகளிடம் பொறுமையாகப் பேசுகிறார்.” இன்னொன்று, போன வாரம் வந்த பணிநீக்கக் கடிதம். “வேலைத்திறன் திருப்தியில்லை.” நடுவில் ஒரு எச்சரிக்கைகூட இல்லை.

“நோட்டீஸ் சம்பளம் கொடுத்துட்டாங்கக்கா. அவ்வளவுதானே?”

இங்கேதான் ஒரு வேடிக்கை. காரணம் எதுவும் சொல்லாமல் முறைப்படி நோட்டீஸ் கொடுத்திருந்தால், அதைத் தவறான பணிநீக்கம் என்று காட்டுவது கஷ்டம். காரணத்தை எழுதிக் கொடுத்து, அது பொய் என்று நிரூபணமானால் கதையே வேறு. மேலாளர் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம், பாவம்!

2019 ஏப்ரலிலிருந்து மேலாளர்களுக்கும் வேலை நியமனச் சட்டம் உண்டு. நோட்டீஸோடு அனுப்பப்பட்டால் அவர்கள் 6 மாதமாவது வேலை பார்த்திருக்க வேண்டும், அவ்வளவுதான். புகார் கொடுத்தால் முதலில் முத்தரப்புச் சமரசம், அதாவது அரசு, முதலாளிகள், தொழிற்சங்கம் மூன்றும் சேர்ந்து அமைத்த இடத்தில் பேச்சுவார்த்தை; அங்கே முடியாவிட்டால் நடுவர் மன்றம். புகார் கொடுக்கக் கெடுதான் குறைவு, கடைசி வேலை நாளிலிருந்து 1 மாதம். அழுது முடிப்பதற்குள் பாதி போய்விடும்.

“மதிப்பீட்டுத் தாளைப் பத்திரமா வை. நோயாளி விவரம் உள்ள எதையும் தொடாதே” என்றேன்.

ஆறிப்போன தேயை ஒரே மடக்கில் குடித்தாள். “புகார் கொடுக்க எந்த எம்ஆர்டி ஸ்டேஷன்ல இறங்கணும்கா?”

“ஆன்லைன்லயே போடலாம்டி.”