எந்த மீன் நன்றாக இழுக்கும்? உதகையிலிருந்து ஒரு தூண்டில் நாட்குறிப்பு

பிப்ரவரி 11, 2024, ஞாயிறு

உதகையில் தூண்டில் போடுகிறவர்களிடம் எந்த மீன் நன்றாகப் போராடும் என்று கேட்டால், பெரும்பாலோர் யோசிக்காமல் டிரவுட் என்றே சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வட அமெரிக்காவின் மேற்குப் பகுதி ஆறுகளுக்குரிய வானவில் டிரவுட்டை இந்த மலையில் நிலைநிறுத்துவதற்கு வெள்ளையர்கள் பல்லாண்டுகள் முயன்று தோற்று, கடைசியில் மதராஸ் அரசின் மீன்வளர்ப்பு நிபுணர் எச்.சி. வில்சன் காலத்தில், 1907-இல் அவலாஞ்சியில் அமைந்த பொரிப்பகத்தின் வழியாகத்தான் வெற்றி கண்டார்கள். அவ்வளவு பாடுபட்டுக் கொண்டுவந்த மீனை அவர்கள் தலையில் வைத்துக் கொண்டாடியதில் வியப்பில்லை. நாமும் ஏன் அப்படியே கொண்டாட வேண்டும் என்பதுதான் என் கேள்வி. 1939-இல் இலங்கையிலிருந்து வந்த கண்ணாடிக் கெண்டையை (மிரர் கார்ப்) எல்லாரும் குழம்பு மீனாகவே பார்த்தார்கள். அதனால் அதன் இழுவையைப் பற்றி எவரும் பெரிதாகப் பேசவில்லை.

துள்ளலையும் இழுவையையும் நாம் குழப்பிக்கொள்கிறோம் என்று நினைக்கிறேன். டிரவுட் முள்ளில் மாட்டியவுடன் நீரைவிட்டு எழும்பித் தலையை உதறும். பார்ப்பதற்கு அழகான காட்சிதான், அந்த உதறலில் முள் கழன்று போவதும் உண்டு. ஆனால் ரீலிலிருந்து அது உருவிக்கொண்டு போகும் நரம்பு, அதாவது தூண்டில் நூல், சொற்பம். நம் ஓடைகளில் வாழ்பவை பெரும்பாலும் சிறியவை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்; பெரிய ஏரிகளில் நன்கு கொழுத்த டிரவுட்டின் கதை வேறு.

பிப்ரவரி 18, ஞாயிறு

உரிய அனுமதியோடு காமராஜ் சாகர் அணைக்கரையில் காலை முழுவதும் இருந்தேன். கோதுமை மாவில் சிறிது வெல்லம் சேர்த்துப் பிசைந்த உருண்டைதான் இரை. கெண்டை இரையை விழுங்குவதில்லை. கீழ்நோக்கி நீளும் வாயால் உறிஞ்சிப் பார்க்கும், பிடிக்காவிட்டால் துப்பிவிடும். ஆகவே தக்கை முதலில் லேசாக நடுங்கி, பிறகு சாய்ந்து படுத்து, அதன் பின்னரே நகரத் தொடங்கியது. ராடை நிமிர்த்தியதும் ஒரு நொடி கல்லில் மாட்டியதுபோல் அசைவே இல்லை. பிறகு ஆழத்தை நோக்கி அது புறப்பட்டது. ரீல் கதற, நரம்பு நீரைக் கிழித்துக்கொண்டு போயிற்று. ஒருமுறையும் மேலே எழும்பவில்லை. கரைக்கு அருகில் வந்து என்னைப் பார்த்ததும் முன்னைவிட நீளமாக இன்னொரு ஓட்டம், அதன் பின் கனமாக வட்டமடித்தல், மீண்டும் ஒரு ஓட்டம். வலையில் ஏந்தியபோது முதுகோரம் மட்டும் பெரிய செதில்கள் ஒரு வரிசையாகப் பதிந்திருக்க, விலாவெல்லாம் தோல் வழுவழுவென்று பழுப்புப் பொன்னிறத்தில் மின்னியது. தடித்த உதட்டில் முள் ஆழமாக இறங்கியிருந்தது. கெண்டையின் போராட்டம் நீள்வதற்கு, முள் எளிதில் கழலாத அந்த உதடும் ஒரு காரணம்.

பக்கத்தில் தூண்டில் போட்டிருந்த படுகர் பெரியவர் ஒருவர், “துள்ளாத மீனுதான் தம்பி கையை வலிக்க வைக்கும்” என்றார்.

மார்ச் 3, ஞாயிறு

அந்த மீனை அன்றே அரிந்தபோது நான் கவனித்ததை இன்றுதான் எழுத முடிகிறது. மீனின் விலாவில் நீளவாக்கில் ஓடும் பக்கக் கோட்டை ஒட்டி, தோலுக்குக் கீழே, தலையிலிருந்து வால் வரை சிவந்த சதை ஒரு பட்டையாக ஓடும். மற்றதெல்லாம் வெளுத்த சதை. சிவந்த சதை ஆக்சிஜனைக் கொண்டு சளைக்காமல் வேலை செய்வது, மெதுவான நீச்சலுக்கு உரியது. முள் தைத்ததும் நாம் உணரும் முதல் வெறியோட்டம் வெளுத்த சதையின் வேலை. அது சேமித்துவைத்த கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்தை ஆக்சிஜன் இல்லாமலே எரித்து வேகம் தரும். அதனாலேயே விரைவில் களைத்து, லாக்டிக் அமிலத்தைச் சேர்த்துக்கொள்ளும். ஆகவே ஒரு மீன் எவ்வளவு நேரம் போராடும் என்பது, அந்தச் சதையின் கையிருப்பையும், ஓட்டங்களுக்கு இடையில் அது எவ்வளவு மீண்டெழுகிறது என்பதையும் பொறுத்தது.

இங்கே நீருக்கும் பங்குண்டு. கடல் மட்டத்தில் 10 டிகிரி செல்சியஸ் நீர் ஒரு லிட்டருக்குச் சுமார் 11 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்துவைத்துக்கொள்ளும். 25 டிகிரியில் அது சுமார் 8-ஆகக் குறையும். உதகையின் உயரத்தில் காற்றழுத்தம் குறைவென்பதால் இரண்டு அளவுகளும் இன்னும் இறங்கும். குளிர்ந்த, ஓடும் நீரில் உயிர்ப்போடு இருக்கும் டிரவுட், கோடையில் சூடேறிய தேங்குநீரில் மூச்சு வாங்கும். கெண்டை அதே நீரைத் தாங்கிக்கொள்ளும். அதனால் ஒத்த எடை, ஒத்த நரம்பு, ஒத்த நீர் என்று மூன்றையும் சொல்லாமல் “இந்த மீன்தான் வலிமையானது” என்று அடித்துப் பேசுவதற்கு மதிப்பில்லை.

மார்ச் 24, ஞாயிறு

மேட்டுப்பாளையத்துக்கு இறங்கி மச்சான் வீட்டில் தங்கினேன். அவர் பவானிக்கரையிலேயே வளர்ந்தவர். அவருடைய கட்சி விரால்.

“மாப்ளே, விரால் அடிக்கிற அடியை உங்க ஊர்க் கெண்டை ஏழு ஜென்மத்துக்கும் அடிக்காது” என்று சாப்பாட்டு இலையிலேயே தொடங்கிவிட்டார். அடியைப் பற்றி அவர் சொல்வதை மறுக்க மாட்டேன். புல்லுக்குள் பதுங்கியிருந்து இரைமேல் பாய்கிற மீன் அது. இரையை எடுக்கும்போது நீர் வெடிப்பதைக் காணவே தூண்டில் போடலாம். ஆனால் அந்தப் பாய்ச்சலோடு பெரும்பங்கு முடிந்துவிடுகிறது. அதன் பிறகு விராலின் தந்திரம் ஒன்றே: கொடிக்குள்ளும் வேருக்குள்ளும் புகுந்து நரம்பைச் சிக்கவைப்பது. அந்தச் சிக்கலை மீனின் வலிமையாகக் கணக்கெழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை. வாளை பெரிதாக வளர்ந்தாலும், எடைக்கேற்ற தொடர்ச்சி அதனிடம் இல்லை. ரோகு இவ்விரண்டையும்விட மேல் என்பேன். கட்லா ஆழத்தில் கனமாக நிற்கும், அவ்வளவுதான். மச்சான் ஒத்துக்கொள்ளவில்லை.

ஏப்ரல் 14, சித்திரை முதல் நாள்

மகசீர் என்ற பெரிய ஆற்றுமீனைப் பேசாமல் இந்த வழக்கு முடியாது. மதராஸ் மாகாணத்தில் பணியாற்றிய எச்.எஸ். தாமஸ், 19ஆம் நூற்றாண்டிலேயே, ஒத்த அளவுள்ள சால்மனைவிட மகசீர் அதிகம் போராடும் என்று எழுதினார். பாறைகளுக்கிடையே பாயும் வேகநீரில் வாழ்வதற்கேற்ற நீண்ட உடலும் வலுத்த வாலும் அதற்கு உண்டு. ஓட்டத்துக்கு ஆற்றின் இழுவையும் துணை நிற்கும்போது, முதல் ஓட்டத்தை நிறுத்துவது பல தூண்டில்காரர்களுக்கு நடவாத காரியம். 1946-இல் கபினி ஆற்றில் மைசூரைச் சேர்ந்த வான் இங்கன் பிடித்த மகசீர் 120 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 54 கிலோ. அத்தகைய எடையை எட்டும் காவிரிப் படுகையின் திமில் மகசீர், நம் மாயாற்றிலும் எஞ்சியிருக்கிறது. 2018-இல் அது அற்றுப்போகும் பேராபத்தில் உள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. அணைகளும் வெடிவைத்து மீன்பிடிப்பதும் ஒருபுறமிருக்க, நல்லெண்ணத்தோடு வளர்த்துக் காவிரியில் விடப்பட்ட நீலத்துடுப்பு மகசீரும் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. மாயாறு ஓடும் முதுமலைக் காப்பகத்துக்குள் தூண்டில் போடச் சட்டம் இடம் கொடுப்பதில்லை, கொடுக்கவும் கூடாது.

ஆகவே என் வரிசையில் முதலிடம் மகசீருக்கு, நான் அதைப் பிடிக்கப் போவதில்லை என்றாலும். தூண்டிலுக்குக் கிடைக்கிறவற்றில் கண்ணாடிக் கெண்டை, ரோகு, அதற்கடுத்தே டிரவுட். விராலை எங்கே வைப்பது என்பதை மச்சானிடமே விட்டுவிடுகிறேன். மே மாதம் நீர் இன்னும் சூடேறும் என்பதால், ரீலில் இருந்த மெல்லிய நரம்பை எடுத்துவிட்டுத் தடித்த நரம்பைச் சுற்றிவிட்டேன். திருப்பி விடப்போகிற மீனைக் கால்மணி நேரம் அலைக்கழித்தால், நீந்திப் போனபிறகும் அது செத்துப்போகக்கூடும். இழுவையின் சுவை சற்றுக் குறைந்தாலும் மீனை விரைவாகக் கரைசேர்ப்பதே இந்தப் பருவத்துக்கு ஏற்றது.