மகனுக்கு நியூரோஃபீட்பேக் கொடுத்துப் பார்த்தோம்

மகனுக்கு ஏ.டி.ஹெச்.டி. (கவனக்குறைவும் துறுதுறுப்பும் மிகுந்திருக்கும் நிலை) என்று குழந்தைகள் மனநல மருத்துவர் உறுதியாகச் சொன்னபோது அவனுக்கு ஒன்பது வயது. கெட்டிக்காரப் பையன்தான். ஆனால் ஒரு கணக்கைப் போட உட்கார்ந்தால் பாதியில் பென்சில் சீவ எழுந்து போவான். போன இடத்தில் கணக்கும் மறந்துபோகும், பென்சிலும் மறந்துபோகும். மருந்தும் நடத்தைப் பயிற்சியும் சேர்த்துத் தொடங்கலாம் என்றார் மருத்துவர். மருந்து என்றதுமே என் மனைவிக்கு மனசு ஒப்பவில்லை. பசி குறையும், தூக்கம் தள்ளிப்போகும் என்றெல்லாம் கேள்விப்பட்டிருந்தாள். அந்தச் சமயத்தில்தான் தெரிந்தவர் ஒருவர் நியூரோஃபீட்பேக் பற்றிச் சொன்னார். மாத்திரை கிடையாது, ஊசி கிடையாது, பிள்ளை திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தால் போதும், மூளை தானாகவே பழகிக்கொள்ளும் என்றார்.

இப்படிச் சொன்னால் எந்தப் பெற்றோருக்கு ஆசை வராது? எங்களுக்கும் வந்தது. மருத்துவரிடம் கேட்டோம். அவர் தடுக்கவில்லை. "போய்ப் பாருங்கள். ஆனால் பலன் இருக்கிறதா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிக்கப் போகிறீர்கள்? அதை இப்போதே முடிவு செய்துவிட்டுப் போங்கள்" என்றார்.

வழியையும் அவரே சொன்னார். நடத்தை மதிப்பீட்டுப் படிவம் என்று ஒன்று இருக்கிறது. 'கவனக்குறைவால் தவறு செய்கிறான்', 'நேரில் பேசும்போது கூடக் காதில் வாங்குவதில்லை' என்று வரிசையாக வரும். ஒவ்வொன்றுக்கும் 'ஒருபோதும் இல்லை' என்பதில் தொடங்கி 'மிக அடிக்கடி' வரை, 0 முதல் 3 வரை மதிப்பெண். நாங்கள் ஒரு படிவம் நிரப்பவேண்டும், வகுப்பாசிரியை ஒரு படிவம் நிரப்பவேண்டும். தொடங்கும் முன், நடுவில், முடிந்த பின். இதில் முக்கியமான சங்கதி, என்ன சிகிச்சை, எப்போது தொடங்கினோம் என்பதை ஆசிரியையிடம் மூச்சு விடக்கூடாது. மறைப்பது போல் இருக்கிறதே என்று மனைவிக்குச் சங்கடம். எல்லாம் முடிந்ததும் சொல்லிவிடலாம் என்று சமாதானப்படுத்தினேன்.

நியூரோஃபீட்பேக் என்றால் என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தலையில் ஒட்டும் எலக்ட்ரோடு மூளையின் மின்னலைகளைப் படிக்க மட்டும் செய்யும்; உள்ளே எந்த மின்சாரத்தையும் செலுத்தாது. இதைப் பல பெற்றோர் ஷாக் வைப்பது என்று நினைத்துப் பயப்படுகிறார்கள், அந்தப் பயம் தேவையில்லை. இப்படி மனித மூளை அலையை 1924-ல் முதன்முதலாகப் பதிவு செய்தவர் ஜெர்மனியைச் சேர்ந்த ஹான்ஸ் பெர்கர். அதைத்தான் இ.இ.ஜி. என்கிறோம். நொடிக்கு 4 முதல் 8 முறை துடிக்கும் மெதுவான அலைக்குத் தீட்டா என்று பெயர். 13-க்கு மேலே போனால் பீட்டா. ஏ.டி.ஹெச்.டி. உள்ள பிள்ளைகள் பலருக்குத் தீட்டா தூக்கலாகவும் பீட்டா குறைவாகவும் இருக்கிறது என்று பழைய ஆய்வுகள் சொல்லின. சரி, அலையை உடனுக்குடன் திரையில் காட்டி, தீட்டா இறங்கி பீட்டா ஏறும்போதெல்லாம் பரிசு கொடுத்தால் மூளை அதைப் பழகிக்கொள்ளாதா? இந்தச் சிகிச்சையின் அடிப்படை இதுதான்.

பயிற்சி மையத்தில் எங்களுக்கு முதலில் சொன்னது பூனைக் கதை. 1960-களில் கலிஃபோர்னியாவில் பாரி ஸ்டெர்மன் என்ற ஆராய்ச்சியாளர் பூனைகளுக்கு நொடிக்கு 12 முதல் 15 முறை துடிக்கும் அலையைக் கூட்டப் பயிற்சி கொடுத்தார். வந்தால் தீனி. பிறகு வேறொரு சோதனைக்காக அவற்றுக்கு ராக்கெட் எரிபொருள் ரசாயனம் ஒன்றைச் செலுத்தியபோது, பயிற்சி பெற்ற பூனைகளுக்கு மட்டும் வலிப்பு தாமதமாக வந்ததாம். அங்கிருந்துதான் இது வலிப்பு நோயாளிகளுக்கும், 1976-ல் ஜோயல் லூபார் வழியாகத் துறுதுறுப்பு மிகுந்த பிள்ளைகளுக்கும் வந்தது. "பூனைக்கு நம்பிக்கை, எதிர்பார்ப்பு எல்லாம் கிடையாது பாருங்கள், அதனால் இது மனப்பிரமையாக இருக்க முடியாது" என்றார் பயிற்சியாளர். பூனை விஷயத்தில் வாதம் சரிதான். என் வீட்டில் பூனை இல்லையே. பிள்ளை மாறமாட்டானா என்று ஏங்கிக்கொண்டிருக்கும் அப்பா அம்மா இருக்கிறோம்.

முதல் நாள் தொப்பி போட்டு 19 இடங்களில் அலையைப் பதிவு செய்து, கலர் கலராக மூளைப் படம் ஒன்று கொடுத்தார்கள். முன்பக்கம் சிவப்பாக இருந்த இடத்தைக் காட்டி, இங்கேதான் பிரச்சினை என்றார்கள். பார்க்க மிரட்டலாகத்தான் இருந்தது. படத்தை மருத்துவரிடம் காட்டினேன். மடித்துத் திருப்பிக் கொடுத்தார். தீட்டா பீட்டா விகிதம் பார்க்கும் கருவி ஒன்றுக்கு அமெரிக்காவில் 2013-ல் அனுமதி கிடைத்தது உண்மைதான். ஆனால் அது மருத்துவரின் முழுப் பரிசோதனைக்குத் துணையாக மட்டும்தான், படத்தை வைத்து மட்டும் நோயை முடிவு செய்ய முடியாது என்றார். ஏ.டி.ஹெச்.டி. இல்லாத பிள்ளைக்கும் விகிதம் தூக்கலாக இருக்கலாம், இருக்கிற பிள்ளைக்கு இல்லாமலும் போகலாம்.

பயிற்சி எப்படி நடக்கும் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும், ஏனென்றால் விளக்கத் தாள்களில் இது இருக்காது. மூக்குத் தண்டின் மேல்முனையிலிருந்து பின்மண்டை மேடு வரை அளந்து, ஒரு காதிலிருந்து மறு காது வரை அளந்து, இரண்டும் சந்திக்கும் உச்சியில் குறி வைப்பார்கள். அந்த இடத்தில் முடியை விலக்கி, மணல் கலந்த மாதிரி சொரசொரப்பான ஜெல்லால் தேய்ப்பார்கள். பிறகு கெட்டியான பசையை அப்பி எலக்ட்ரோடை அழுத்துவார்கள். காது மடல்களில் கிளிப். இந்தத் தேய்ப்பில் கஞ்சத்தனம் காட்டினால் தோலின் தடை கூடி அலை சுத்தமாக வராது. மகனுக்கு ஜெல் கூசும். ஒவ்வொரு தடவையும் தோளைக் குறுக்கிக்கொண்டு சிரிப்பான். பசை தலைமுடியிலிருந்து போக வெந்நீர் வேண்டும், பொறுமையும் வேண்டும்.

திரையில் விமானம். அலை கேட்டபடி இருந்தால் மேலே பறக்கும், இல்லையென்றால் தாழும். "எப்படிப் பண்ணணும்?" என்று மகன் கேட்டான். அதற்குப் பயிற்சியாளரிடம் பதில் இல்லை, யாரிடமும் இருக்காது. மூளை தானாகக் கண்டுபிடிக்கவேண்டும் என்றார். இரண்டாவது வாரமோ மூன்றாவது வாரமோ, மகன் என் காதில் வந்து, "அப்பா, பல்லைக் கடிச்சா ஏரோப்ளேன் ஜிவ்வுனு ஏறுதுப்பா" என்றான்.

பையன் சொன்னதில் பொய்யில்லை. தாடைத் தசை இறுகும்போது வரும் மின்சாரம் மூளை அலையைவிடப் பல மடங்கு பெரியது, வேகமானது. வடிகட்டி சரியாக வைக்காவிட்டால் கருவி அதைப் பீட்டா என்று எண்ணிக்கொள்ளும். பயிற்சியாளரிடம் சொன்னேன். அவர் விமானத்தை நிறுத்திவிட்டு நேரடி அலையைத் திரைக்குக் கொண்டுவந்தார். "கண்ணைச் சிமிட்டு" என்றார். கோடு மலைபோல் எழும்பி இறங்கியது. "பல்லைக் கடி" என்றார். கோடு கறுத்துத் தடித்துப்போனது. மகனுக்கு அன்றைக்குத்தான் இதில் ருசியே வந்தது. தசை இறுகினால் விமானம் நிற்கும்படி அமைப்பை மாற்றினார். அதுவரை பறந்ததில் எவ்வளவு மூளை, எவ்வளவு தாடை என்று யாருக்குத் தெரியும்? நீங்கள் போவதாக இருந்தால் முதல் நாளே கேட்டுவிடுங்கள்: கண் சிமிட்டல், தசை அசைவை எல்லாம் எப்படிப் பிரிக்கிறீர்கள் என்று. பதில் குழப்பமாக வந்தால் யோசிக்கவேண்டும்.

மதிப்பெண் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். ஒவ்வொரு முறையும் திரையில் புள்ளிகள் கூடக்கூட நாங்கள் பூரித்துப்போவோம். பிறகுதான் தெரிந்தது, பிள்ளை சலித்துப்போகாமல் இருக்க, பரிசு கிடைப்பதற்கான எல்லைக்கோட்டைக் கருவியே கீழே இறக்கி, மேலே ஏற்றிக் கொடுக்கிறது. எப்படி உட்கார்ந்தாலும் பெரும்பாலான நேரம் பரிசு வந்துகொண்டே இருக்கும். அந்தப் புள்ளியை வைத்து முன்னேற்றம் என்று ஒன்றும் சொல்ல முடியாது.

இதற்காக எதுவுமே நடக்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். ஒருநாள் திரும்பி வரும்போது மகன் சொன்னான்: "ஒண்ணும் நினைக்காம இருந்தா பறக்குது. ஆஹா பறக்குதேன்னு நினைச்சா விழுந்துடுதுப்பா." ஒன்பது வயதில் தன் கவனம் எங்கே போகிறது என்று ஒரு பிள்ளை கவனிப்பது சாதாரண விஷயமா? அதற்காகவே அந்த மையத்துக்கு ஒரு நன்றி சொல்லலாம். களைப்பும் உண்டு. சில நாள் தலைவலி என்பான், சில நாள் சிடுசிடுவென்று இருப்பான். சொன்னால் நேரத்தைக் குறைப்பார்கள், சரியாகிவிடும்.

காத்திருக்கும் அறையில் வேறு வேறு காரணங்களுக்காக வந்தவர்களைப் பார்த்தோம். ஆட்டிசம் உள்ள சிறுமியின் தாயிடம் இதனால் பேச்சு வந்துவிடும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அப்படிச் சொல்வதற்கு ஆதாரம் கிடையாது. அவளுக்குப் பேச்சுப் பயிற்சி நின்றுபோகாமல் இருக்கவேண்டுமே என்றுதான் எனக்குக் கவலை. வேலை அழுத்தத்தால் தூக்கம் கெட்டு வந்த ஒருவர் மூளை அலையை விட்டுவிட்டு இதயத் துடிப்பைத் திரையில் பார்த்தபடி மெதுவாக மூச்சு விடும் பயிற்சிக்கு மாறினார். நிமிடத்துக்கு ஏறக்குறைய 6 மூச்சு. அது கற்றுக்கொள்ளச் சுலபம், பழகியபின் கருவியே தேவையில்லை. மன அழுத்தம் மட்டும்தான் பிரச்சினை என்றால் நான் அதைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன்.

வழக்கமாக வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, மொத்தம் 30, 40 அமர்வு என்பார்கள். நாங்களும் திட்டமிட்டதை முடித்தோம். படிவங்கள் வந்தன. எங்கள் படிவத்தில் முன்னேற்றம் பளிச்சென்று தெரிந்தது. நான் வேண்டுமென்றே கறாராகத்தான் நிரப்பினேன், அப்படியும் மதிப்பெண் குறைந்திருந்தது. ஆசிரியையின் படிவம்? தொடக்கத்தில் இருந்தது போலவே. ஒன்றிரண்டு கேள்விகளில் ஒரு புள்ளி இப்படி, ஒரு புள்ளி அப்படி. "அவங்களுக்கு வகுப்புல இத்தனை பிள்ளைங்க, இவனை மட்டுமா பார்ப்பாங்க?" என்றாள் மனைவி. எனக்கும் அப்படி நினைக்கத்தான் ஆசை.

மருத்துவர் ஆச்சரியப்படவில்லை. ஆராய்ச்சியிலும் இதேதான் நடக்கிறது என்றார். 2021-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றைச் சொன்னார். 7 முதல் 10 வயது வரையுள்ள 142 பிள்ளைகள். ஒரு பகுதியினருக்கு நிஜப் பயிற்சி. மற்றவர்களுக்குப் போலிப் பயிற்சி: திரையை ஓட்டியது ஏற்கெனவே பதிவு செய்து வைத்த அலை, அதன்மேல் அந்தந்தப் பிள்ளையின் கண் சிமிட்டலையும் அசைவையும் மட்டும் கலந்துவிட்டார்கள். எது நிஜம் என்று பிள்ளைக்கும் தெரியாது, பெற்றோருக்கும் தெரியாது, பயிற்சி கொடுத்தவருக்கும் தெரியாது. பல்லைக் கடித்த கதை தெரிந்த எனக்கு இந்தத் தந்திரம் எவ்வளவு நுணுக்கமானது என்று உடனே புரிந்தது. முடிவில் இரண்டு பிரிவிலும் கவனம் நன்றாகவே கூடியிருந்தது, கிட்டத்தட்ட ஒரே அளவில். 13 மாதம் கழித்துப் பார்த்தபோதும் வித்தியாசமில்லை. நிஜப் பயிற்சி பெற்றவர்களுக்கு அப்போது மருந்து சற்றுக் குறைவாகத் தேவைப்பட்டது என்பதையும் மறைக்காமல் சொன்னார். 2024-ல் 38 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்களும், சிகிச்சை பற்றித் தெரியாதவர்கள் கொடுத்த மதிப்பெண்ணை மட்டும் எடுத்துக்கொண்டால் சொல்லிக்கொள்ளும்படி பலன் இல்லை என்றே முடித்திருக்கிறார்கள்.

அப்படியானால் வீட்டில் நாங்கள் பார்த்த மாற்றம்? அது பிரமை என்று நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். வாரத்தில் சில நாள் அவன் என்னோடு தனியாக வருகிறான், வழியெல்லாம் பேசுகிறோம். கையில் போன் இல்லாமல் அசையாமல் உட்காருகிறான். உட்கார்ந்ததற்காகப் பாராட்டு வாங்குகிறான். களைத்துப்போய் நேரத்தோடு தூங்குகிறான். சிகிச்சை நடக்கிறதே என்று நாங்களும் திட்டுவதைக் குறைத்திருந்தோம். இதெல்லாம் சேர்ந்து வீட்டை மாற்றியிருக்கும். வகுப்பறையில் இவை எதுவும் இல்லை, அங்கே மாற்றமும் இல்லை. என் கணக்கு இதுதான். மனைவி இன்னும் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை.

மையத்தில் இன்னொரு சுற்று போகலாம், இந்த முறை வேறு இடத்தில் எலக்ட்ரோடு வைக்கலாம், மொத்தமாகக் கட்டினால் கட்டணத்தில் சலுகை என்றார்கள். ஆசிரியையின் படிவத்தைக் காட்டி வேண்டாம் என்றேன். ஆசிரியரின் பார்வை எப்போதும் தாமதமாகத்தான் மாறும் என்றார் பயிற்சியாளர். சில மாதம் பொறுத்து இன்னொரு படிவம் வாங்கினோம். அதிலும் மாறவில்லை.

அப்புறம் மெத்தில்ஃபெனிடேட் என்ற ஏ.டி.ஹெச்.டி. மருந்தைத் தொடங்கினோம், குறைந்த அளவில். மனைவி பயந்தபடியே மதியம் பசி குறைந்தது. காலையிலும் மாலையிலும் சேர்த்துச் சாப்பிட வைக்கிறோம்; எடையையும் உயரத்தையும் மருத்துவர் குறித்துக்கொண்டே வருகிறார். இந்த மருந்தைப் பற்றியும் ஆசிரியையிடம் உடனே சொல்லவில்லை. அடுத்து வந்த படிவத்தில் முதல் பக்கம் முழுக்க மதிப்பெண் இறங்கியிருந்தது. அதன் பிறகுதான் எல்லாவற்றையும் அவரிடம் சொன்னோம். நல்லவேளை, கோபித்துக்கொள்ளவில்லை, "அதான் அத்தனை படிவமா?" என்று சிரித்தார்.

வீட்டில் உள்ள வழக்கங்களை விடவில்லை. மாலையில் நானும் மகனும் போனை வைத்துவிட்டு நடக்கப் போகிறோம், திட்டு குறைந்தது குறைந்ததாகவே இருக்கிறது. வரும் விடுமுறையில் மருந்தைச் சில வாரம் நிறுத்திப் பார்க்கலாம், இன்னும் தேவையா என்று தெரிந்துகொள்ளலாம் என்கிறார் மருத்துவர். விடுமுறையில் ஆசிரியை இல்லையே, யார் படிவம் நிரப்புவது என்று யோசித்துக்கொண்டிருக்கிறோம். நீச்சல் சொல்லித்தருபவரிடம் கேட்கலாம் என்பது மகனின் யோசனை.