அறுந்த சாண்டிங் பெல்ட்டை ஒட்டலாமா?

சாண்டிங் பெல்ட் என்பது வளையமாக ஒட்டிய உப்புத்தாள் பட்டை. பினாங்கு ஈரக்காற்றில் வருடக்கணக்காகக் கிடந்த பெல்ட்டை மரமோ இரும்போ தேய்க்கும் கிரைண்டரில் மாட்டினால், சொரசொரப்பு தேயுமுன்னே இணைப்பு விட்டுப்போகிறது. துணி நன்றாகத்தான் இருக்கும், செத்தது பசை மட்டும், அதனால் தூக்கிப்போட மனசு வராது. சரி, ஒட்டலாம். ஆனால் சூப்பர் குளூ வேண்டாம், அது காய்ந்தால் விறைத்துவிடும், சக்கரத்தில் வளையும்போது விரிசல் விடும். இரண்டு முனைகளையும் ஒரே சாய்வில் வெட்டி, பின்பக்கத்துப் பழைய பசையைச் சுரண்டி, மெல்லிய பாலியஸ்டர் டேப்பை வளைந்துகொடுக்கும் பசையோடு வைத்து இரவு முழுக்க கிளாம்பில் இறுக்குங்கள். ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி ஒட்டினால் அந்த மேடு ஒவ்வொரு சுற்றிலும் தட்டும்.

மெதுவாக ஓடும் மரவேலைக்கு இது போதும். இரும்பு தேய்க்கும் 72 அங்குல பெல்ட்டா? சூட்டில் பசை இளகினால் முகத்தில்தான் அடிக்கும். புதுசு வாங்குங்கள், பழசை நறுக்கி கையால் தேய்க்க வைத்துக்கொள்ளலாம்.