மிலிட்டரி மாமா

மிலிட்டரி மாமா முந்தாநேத்து காலமாயிட்டார். சொந்தக்காரர் இல்ல, அப்பாவோட சிநேகிதர், ஆனா எங்க வீட்டு விசேஷம் எதுவும் அவர் இல்லாம நடந்ததில்ல. வேலூர் பக்கம் வீட்டுக்கு ஒருத்தராவது பட்டாளத்துக்குப் போற ஊர்க்காரர், வெலிங்டன்ல ட்ரெய்னிங் முடிச்சு மெட்ராஸ் ரெஜிமெண்ட்ல சேர்ந்தவர்.

1971 டிசம்பர் பாகிஸ்தான் சண்டையில எல்லைக்கு அந்தப் பக்கம் ஷக்கர்கர்கிட்ட பசந்தர் ஆத்தைத் தாண்டினவங்கள்ல அவரும் ஒருத்தர். அந்தச் சண்டையிலதான் 21 வயசு அருண் கேதர்பால் டேங்குக்குள்ளயே உயிரை விட்டார், போர்ல வீரத்துக்கான பெரிய விருதான பரம்வீர் சக்ரா குடுத்தாங்க. மாமா தன்னைப் பத்தி பேசவே மாட்டார், கண்ணிவெடி புதைச்ச நிலத்துல ராத்திரி நடந்ததையும் அந்தக் குளிரையும் மட்டும் சொல்வார், "வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு"ன்னு ரெஜிமெண்ட்டோட போர் முழக்கத்தைக் கத்திக்கிட்டு ஓடினோம்டான்னு சொல்றப்ப மட்டும் குரல் மாறிடும்.

எனக்கு அதைவிடப் பெருசு ரிட்டயர் ஆனப்புறம் அவர் செஞ்சதுதான். சுத்துப்பட்டுல எந்த பட்டாளத்துக்காரர் செத்தாலும் அவர் சம்சாரத்தோட ஃபேமிலி பென்ஷனுக்கு, பட்டாளத்துல இருந்து வந்தப்ப குடுத்த டிஸ்சார்ஜ் புக்கைத் தேடி எடுத்து, படைவீரர் நல ஆபீசுக்கும் பேங்குக்கும் அவரே கூட்டிட்டு அலைவார், நவம்பர் வந்தா பென்ஷன் வாங்குற வயசானவங்களுக்கு உயிரோட இருக்காங்கன்னு காட்டுற லைஃப் சர்டிஃபிகேட் போட்டுக் குடுப்பார், ஒரு டீ கூட வாங்கிக்க மாட்டார்.

இப்ப அத்தைக்கு அதே பேப்பரெல்லாம் நாங்க பார்க்கணும். எல்லாத்தையும் பைல் போட்டு, மேல பேர் எழுதி, ட்ரங்குப் பெட்டியில ரெடியா வச்சிருக்கார் மனுஷன்.